என் கால் பிரேக்கில்தான் இருந்தது

இரண்டு முறை என் கார் நான் நினைக்காத வேகத்தில் பாய்ந்திருக்கிறது. முதல் முறை நடந்ததை அன்றிரவே தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை நடந்ததை உள்ளபடி சொல்ல எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆனது.

முதல் கதை எளிது. கையால் கியர் மாற்றும் பழைய பெட்ரோல் கார். நெடுஞ்சாலையில் முன்னே போன லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தேன். முந்தியாயிற்று, காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் இறங்கவில்லை. வேகமானியின் முள் நூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். வேகம் சற்றுத் தணிந்தது, ஆனால் மூக்கணாங்கயிற்றை இழுக்க இழுக்கத் திமிறும் காளையைப் போல வண்டி எதிர்த்து இழுத்தது. பயத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். நாலாவது மிதிக்குப் பெடல் கல்லாக இறுகிவிட்டது. பிரேக்கும் போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்தக் கணத்தில் என் இடது கால், என்னைக் கேட்காமலே, கிளட்சை அழுத்தியது. வண்டியை நிறுத்தப் போகிறோம் என்றால் கிளட்ச் என்பது அந்தக் காலுக்குப் பல ஆண்டுப் பழக்கம். எஞ்சின் தனியாக அலறியது. வண்டி அதன் பிடியிலிருந்து கழன்று உருண்டது. நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரம் கட்டி, முழுவதும் நின்ற பிறகு சாவியைத் திருப்பினேன்.

குனிந்து பார்த்தபோது ஆக்சிலரேட்டர் பெடல் இன்னும் கீழேயே இருந்தது. முந்தைய வாரம்தான் தடித்த ரப்பர் மேட் ஒன்று வாங்கி, பழைய மேட்டை எடுக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே போட்டிருந்தேன். பிடிமானம் எதுவும் இல்லாததால் அது நாளுக்கு நாள் முன்னால் நகர்ந்து, அதன் உயர்ந்த விளிம்பு பெடலின் கீழ்முனையைக் கவ்விப் பிடித்திருந்தது. விரலால் இழுத்ததும் பெடல் டக்கென்று மேலே வந்தது. ரப்பரில் பிறைநிலா போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பெடல் பதிந்த இடம்.

அடுத்த நாள் மெக்கானிக் பிரேக்கைச் சோதித்துவிட்டுச் சிரித்தார். “பிரேக்கில் ஒரு குறையும் இல்லை சார். நீங்கள்தான் அதன் மூச்சை எல்லாம் செலவழித்துவிட்டீர்கள்” என்றார். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டுதான் பிரேக் பூஸ்டர் நம் கால் விசையைப் பெருக்குகிறது. எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் முழுதாகத் திறந்திருந்தால் அந்த வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். பூஸ்டருக்குள் சேமிப்பாக இருப்பது ஓரிரு முழு மிதிகளுக்குத்தான் வரும். நான் விட்டு விட்டு மிதித்து அதைக் காலி செய்திருந்தேன். ஒரே மிதியாக, பலமாக, விடாமல் அழுத்தியிருந்தால் வண்டி நின்றிருக்கும். ஓர் அமெரிக்கக் கார் இதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. மணிக்கு 70 மைல் வேகத்தில் ஓடிய டொயோட்டா கேம்ரி ஒன்றின் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தி வைத்தபடியே பிரேக் போட்டார்கள். 190 அடியில் நின்றது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நிறுத்தினால் 174 அடி. வேறுபாடு வெறும் 16 அடி.

மெக்கானிக் சொன்னதை நீங்களே பார்க்கலாம். நின்றிருக்கும் காரில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகிவிடும். அதை அழுத்திக்கொண்டே எஞ்சினை இயக்கினால், காலடியில் பெடல் மெல்லக் கீழே இறங்கும். அந்த இறுக்கம் எப்படி இருக்கும் என்று கால் ஒருமுறை தெரிந்துகொண்டால், ஆபத்தில் அதைப் ‘பிரேக் போய்விட்டது’ என்று எண்ணாது. டீசல் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் பூஸ்டருக்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் மேட் விஷயத்தில் ஓர் உபதேசியாகிவிட்டேன். யார் காரில் ஏறினாலும் முதலில் ஓட்டுநரின் காலடியைத்தான் பார்ப்பேன். ஒன்றின் மேல் ஒன்று போடாதீர்கள், வேறு மாடலின் மேட்டைப் போடாதீர்கள், தரையிலுள்ள கொக்கியில் மாட்டுங்கள், தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருள விடாதீர்கள். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே, பணியில் இல்லாத ஒரு நெடுஞ்சாலைக் காவல் அதிகாரியும் அவர் குடும்பத்தாருமாக நான்கு பேர் லெக்சஸ் கார் ஒன்றில் இறந்துபோனார்கள். அது தற்காலிகமாக ஓட்டக் கிடைத்திருந்த கார். அதில் வேறு மாடலுக்கான மேட் போடப்பட்டிருந்தது. அதில்தான் பெடல் சிக்கியது. வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கே அந்தக் கதி. உபதேசம் செய்ய எனக்கு நியாயமான காரணம் இருந்தது.

அதனால்தான் இரண்டாம் முறை நடந்தபோது எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. கார்தான் தப்பு செய்தது.

இது ஆட்டோமேட்டிக் கார். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளப் பார்க்கிங், இரவு. இடத்துக்குள் முன்முகமாக மெல்ல நுழைந்துகொண்டிருந்தேன். வலப்பக்கத் தூண் உரசிவிடுமோ என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். போதும், நிறுத்தலாம் என்று பிரேக்கை அழுத்தினேன். கார் உறுமியது. இன்னும் பலமாக அழுத்தினேன். கார் சக்கரத் தடுப்புக் கட்டையைத் தாண்டிக் குதித்துச் சுவரில் மோதியது. முன் விளக்கு நொறுங்கி, பம்பர் உள்ளே போனது. எதிரே யாரும் இல்லை. அந்தச் சுவருக்கும் எனக்கும் நடுவில் யாராவது நின்றிருந்தால் என்ற நினைப்பு பல வாரங்கள் தூக்கத்தைக் கெடுத்தது.

‘என் கால் பிரேக்கில்தான் இருந்தது.’ இந்த வாக்கியத்தை அன்றைக்கு எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. மனைவியிடம், காவலாளியிடம், காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளரிடம், சர்வீஸ் நிலையத்தில். பொய் சொல்லவில்லை. பெடலின் அழுத்தம் உள்ளங்காலில் நினைவிருந்தது. அழுத்த அழுத்த வண்டி வேகமெடுத்ததும் நினைவிருந்தது. இயந்திரம் எனக்குத் துரோகம் செய்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் நிகழ்வுப் பதிவுக் கருவியின் தகவலைச் சர்வீஸ் நிலையத்தார் எடுத்துத் தாளில் காட்டினார்கள். மோதலுக்கு முந்தைய சில வினாடிகளில் வேகம், ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டது, பிரேக் போடப்பட்டதா என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஆக்சிலரேட்டர் நூறு சதவீதம், பிரேக் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்கள் கணினிக்கே புத்தி பிசகியிருந்தால், அது எழுதும் கணக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?” என்று கேட்டேன். அது மோசமான கேள்வி இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். எதிரே இருந்தவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதை நான் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

வழக்குத் தொடுக்கப் போகிறவனைப் போல உட்கார்ந்து படித்தேன். என் பக்கத்துக்கு ஆயுதங்கள் கிடைக்காமல் போகவில்லை. இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள், த்ராட்டிலில் இரண்டு சென்சார்கள், நடுவில் ஒரு கணினி. இரண்டு சென்சார்களும் முரண்பட்ட கணக்கைச் சொன்னால் கணினி சந்தேகப்பட்டு எஞ்சினின் வலிமையைக் குறைத்துவிட வேண்டும். டொயோட்டா கார்கள் மீது புகார்கள் குவிந்தபோது நாசாவின் பொறியாளர்களை அழைத்து ஆராயச் சொன்னது அமெரிக்க அரசு. பெடல் சென்சாருக்குள் வெள்ளீயத்திலிருந்து முடியிழை போல முளைக்கும் உலோக இழைகள் இருந்ததை அவர்கள் கண்டார்கள். அவை மின்சுற்றில் குறுக்கிணைப்பு ஏற்படுத்தக்கூடியவை. 2013-இல் ஓக்லஹோமாவில் நடந்த வழக்கில், 2005 மாடல் கேம்ரியின் மென்பொருளில் கோளாறுகள் இருந்ததாக வல்லுநர் ஒருவர் சாட்சியம் அளித்தார்; ஜூரிகள் நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். பெடல் சிக்கும் பிரச்சினையில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014-இல் அதே நிறுவனம் 120 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. போதாதா?

ஆனால் படிக்கிறவன் தனக்குப் பிடிக்காத பக்கங்களையும் பார்க்க நேர்கிறது. அதே நாசா ஆய்வு, ஏறத்தாழ 10 மாதம் தேடியும், கார் தானாக முழு வேகத்தில் பாய்வதற்கான மின்னணுக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 2011 பிப்ரவரியில் முடிவு வெளியானது. அதற்கு முன்பே 1980-களில் ஆடி 5000 என்ற கார் இதே புகாரில் அமெரிக்காவில் சின்னாபின்னமானது. 1986-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதைப் பேயாகக் காட்டியது. 1985-இல் 74,000 கார் விற்ற அந்த நிறுவனம் 1991-இல் அங்கே சுமார் 12,000 கார்தான் விற்றது. 1989-இல் அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, வண்டியில் பழுது எதுவும் தென்படாத விபத்துகளில், ஓட்டுநர் தம்மை அறியாமல் ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்றது. ஆனால் காரை முற்றிலும் விடுவித்துவிடவும் இல்லை. அந்தக் காரில் ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் மெல்லிய வேகத்தை, சீராக்கும் வால்வு பழுதானால் எஞ்சின் திடீரென்று சற்று உறுமும். அந்தச் சின்ன அதிர்ச்சியில் ஓட்டுநர் திடுக்கிட்டுத் தப்புப் பெடலை மிதிப்பதுண்டு. பெடல்கள் அமைந்திருந்த விதமும் அதற்குத் துணைபோனது.

இதைப் படித்தபோதும் நான் அசைந்து கொடுக்கவில்லை. அது மற்றவர்களின் கால்.

என்னை அசைத்தது பார்க்கிங்கில் இருந்த கேமரா. காப்பீட்டுக்காகக் காட்சிப் பதிவைக் கேட்டு வாங்கியிருந்தேன். என் கட்சிக்கு அது வலுச் சேர்க்கும் என்று பல முறை பார்த்தும் இருந்தேன். ஒருநாள் என் மகள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். இரண்டாம் முறை ஓட்டச் சொன்னாள். பிறகு, “அப்பா, பின்னால் சிவப்பு விளக்கு எரியவே இல்லையே” என்றாள்.

கேமரா காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. கார் மெல்ல நுழைகிறது. பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறது. தூணருகே நான் தலையை நீட்டுகிறேன். கார் பாய்கிறது. பின்விளக்குகள் மங்கலாகவே இருக்கின்றன. மோதல். கார் குலுங்கி நிற்கிறது. அதற்கும் அரை வினாடி கழித்து, பின்பக்கம் முழுவதும் பளிச்சென்று சிவக்கிறது. கார் பாய்ந்த பிறகு அப்போதுதான் என் கால் பிரேக்குக்கு வந்திருக்கிறது.

அந்த விளக்கை எரிய வைப்பது பிரேக் பெடலின் தண்டருகே இருக்கும் எளிய சுவிட்ச். எஞ்சின் கணினிக்குப் பைத்தியமே பிடித்திருந்தாலும், பிரேக் பெடல் கீழே இறங்கினால் சுவிட்ச் இயங்கும், விளக்கு எரியும். நான் சர்வீஸ் நிலையத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் அது. இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கின்றன; மூன்றாவது சாட்சியான என் உள்ளங்கால் மட்டும் வேறு கதை சொல்கிறது.

எப்படி நடந்தது என்பது பிறகு மெல்லப் புரிந்தது. வலப்பக்கம் எட்டிப் பார்க்கும்போது இடுப்பு திரும்பும். இடுப்போடு தொடையும், தொடையோடு பாதமும் சற்று வலப்பக்கம் நகரும். குதிகால் தரையில் அந்த இரண்டு அங்குலம் நகர்ந்ததை நான் உணரவில்லை. மனத்தில் பிரேக் இருந்த திசைக்கு மிதித்தேன். அங்கே இப்போது ஆக்சிலரேட்டர் இருந்தது. உடலியக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1989-இல் எழுதியதும் இதைப் பற்றித்தான். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்ற முடிவு சரியாகவே எடுக்கப்படுகிறது. காலுக்குப் போய்ச் சேரும்போது இலக்கு தவறுகிறது. முடிவு சரியாக இருந்ததால் மனம் தன்னைச் சந்தேகிப்பதில்லை. வண்டி பாய்ந்ததும் ‘பிரேக் பிடிக்கவில்லை, இன்னும் அழுத்து’ என்கிறது. கார் அந்தக் கட்டளைக்குத்தான் கீழ்ப்படிகிறது. பார்க்கிங்கில், ரிவர்ஸ் எடுக்கும்போது, பழக்கமில்லாத காரில், அவசரத்தில், உடல் திரும்பியிருக்கும்போது இது அதிகம் நேர்வது ஏன் என்பதற்கும் விளக்கம் இதில் கிடைத்துவிடுகிறது. வயதானவர்கள் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்கும் நேர்கிறது. நான் இரண்டிலும் சேராதவன்.

பழைய கையால் மாற்றும் கியரில் இந்தத் தவறு இவ்வளவு தூரம் போயிருக்காது. நிறுத்தப் போகும்போது கிளட்சும் அழுத்தப்படும். தவறிப்போய் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் எஞ்சின் வெறுமனே கத்தும். முதல் முறை என்னைக் காப்பாற்றியதும் அந்த இடது கால்தான். ஆட்டோமேட்டிக் காரில் அதற்கு வேலை இல்லை.

இதற்காக இயந்திரக் காரணங்களை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. கேபிள் உள்ள பழைய வண்டியில் கேபிள் இழை பிரிந்து உறையில் சிக்கும். த்ராட்டில் தகட்டில் கரி படிந்து ஒட்டிக்கொள்ளும். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளரும். காலை எடுத்த பிறகு எஞ்சின் தணியத் தாமதமானால் அது முன்னெச்சரிக்கை, உடனே காட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் ஓரிரு நிமிடம் ஐடிலிங் அதிகமாக இருப்பதும், ஏசி போடும்போது சற்று ஏறுவதும் இயல்பானவை. அந்த நேரத்தில் கியர் போட்டால் கார் வழக்கத்தைவிட வேகமாக நகரும் என்று தெரிந்திருந்தால் திடுக்கிட மாட்டீர்கள். டீசல் எஞ்சினுக்கு மட்டும் ஒரு தனிப் பேய்க்குணம் உண்டு. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் டர்போவின் சீல் கசிந்து எஞ்சின் எண்ணெய் உள்ளிழுக்கும் காற்றோடு போனால், எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாக்கிக் கொண்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது; வெள்ளைப் புகை கக்கும். கையால் மாற்றும் கியர் என்றால், வண்டியை நிறுத்தி, மேல் கியர் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து அணைக்கலாம். இல்லையேல் இறங்கி விலகி நிற்பதே புத்திசாலித்தனம்.

காரணம் மேட்டோ, சென்சாரோ, சொந்தக் காலோ, அந்த இரண்டு வினாடியில் நமக்குத் தெரியப்போவதில்லை. தெரியவும் வேண்டாம். நான் இப்போது காலுக்குச் சொல்லி வைத்திருப்பது ஒன்றுதான்: மிதிக்க மிதிக்க வேகம் கூடினால், இன்னும் அழுத்தாதே, தூக்கு. மிதித்தது தப்புப் பெடல் என்றால் அதிலேயே கதை முடிந்துவிடும். தூக்கிய பிறகும் பாய்ந்தால் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து விடாமல் பிடிக்க வேண்டும், கை நியூட்ரலுக்குப் போக வேண்டும். எஞ்சின் அலறுமே என்று பயப்பட வேண்டாம். இன்றைய எஞ்சின்கள் ஓர் எல்லைக்கு மேல் சுற்றாமல் கணினி தடுத்துவிடும். ஓடும்போது சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். சாவிக்குப் பதில் ஸ்டார்ட் பொத்தான் உள்ள கார்களில் ஒருமுறை தட்டினால் எஞ்சின் நிற்காது. பலவற்றில் மூன்று வினாடி போல அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது அடுத்தடுத்துத் தட்ட வேண்டும். உங்கள் காரில் எப்படி என்பது கையேட்டில் இருக்கும். அதை இன்றைக்கே பாருங்கள். விபத்து நடந்துவிட்டால் மேட்டைத் தொடாமல் படம் எடுங்கள். பதிவுக் கருவியின் தகவலைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள். ஏர்பேக் விரியாத மோதல்களின் பதிவு அடுத்த மோதலில் அழிந்துபோகலாம்.

தவறிய காலை மன்னிக்கும் கார்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒன்றாக அழுத்தப்பட்டால் பிரேக்குக்கே முன்னுரிமை தரும் ஏற்பாடு பெரும்பாலான புதிய கார்களில் உண்டு. ஆனால் என் விபத்தில் அது உதவியிருக்காது. நான் பிரேக்கைத் தொடவே இல்லையே. எதிரே தடை இருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சடாரென்று மிதித்தால் வேகத்தை அடக்கும் சாதனம்தான் அங்கே தேவை. அதைப் புதிய ஆட்டோமேட்டிக் கார் மாடல்களில் 2028 செப்டம்பர் முதல் கட்டாயமாக்க ஜப்பான் முடிவெடுத்திருக்கிறது.

சென்ற மாதம் என் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆளில்லாத மைதானத்துக்குப் போனோம். நாற்பதில் போகும்போது “நியூட்ரல்” என்று சொல்வேன், அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தள்ள வேண்டும். முதல் முறை கியர் தண்டிலிருந்த பொத்தானை அழுத்திக்கொண்டு தள்ளப் பார்த்தாள். தடுத்தேன். பொத்தானைத் தொடாமல் வெறும் உள்ளங்கையால் முன்னே தள்ளினால் தண்டு நியூட்ரலிலேயே நின்றுவிடும். பொத்தானை அழுத்தினால்தான் ரிவர்ஸ்வரை போகும். ஐந்தாறு முறைக்குப் பிறகு நான் சொல்லி வாய் மூடுவதற்குள் தள்ளினாள். பிறகு இடம் மாறி உட்கார்ந்தோம். அவள் சொன்னாள். நான் கியர் தண்டைக் குனிந்து பார்த்தேன். “பார்க்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் அப்பா, மறுபடியும்” என்றாள்.